இரண்டு வயதுக் குழந்தையோடு ஒரு நாள் பினாங்கு: ரயில், பெர்ரி, நடுவில் ஒரு தூக்கம்

சுங்கைப்பட்டாணி, கூலிம், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் இருக்கிறவர்களுக்குப் பினாங்குத் தீவு ஒன்றும் புது ஊர் இல்லை. கல்யாணச் சேலை எடுக்க, தைப்பூசத்துக்குத் தண்ணிமலை ஏற, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்க என்று போய்க்கொண்டேதான் இருக்கிறோம். ஆனால் நடக்கப் பழகி, ஓடத் தொடங்கி, எதைக் கேட்டாலும் 'வேணாம்' என்று சொல்லவும் கற்றுக்கொண்ட ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் தெரிந்த ஊரே வேறு மாதிரி ஆகிவிடும். ஐந்து நிமிட நடைக்கு அரை மணி நேரம் ஆகும். வழியில் ஒரு பூனை படுத்திருந்தால் இன்னும் கால் மணி.

இது ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளின் பெற்றோருக்காக எழுதியது. சொல்ல வருவது இவ்வளவுதான்: காரை இந்தக் கரையிலேயே விட்டுவிடுங்கள். ரயிலும் பெர்ரியும்தான் குழந்தைக்குச் சுற்றுலா. தீவில் இறங்கிய பிறகு இரண்டே இடம், நடுவில் ஒரு பகல் தூக்கம். அதற்கு மேல் ஒரு நாளில் திணித்தால் மூன்றாவது இடத்தில் குழந்தையும் அழும், நீங்களும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வீர்கள்.

பாலம் ஏன் வேண்டாம்

பினாங்குப் பாலம் 1985இல் திறந்தது, நீளம் 13.5 கிலோமீட்டர். பெரியவர்களுக்குக் கடல் தெரியும். பின்சீட்டில் கட்டிப்போட்ட குழந்தைக்குத் தெரிவது முன்சீட்டின் முதுகும், ஜன்னலில் ஒரு துண்டு வானமும்தான். சொந்தக் காரில் குழந்தை இருக்கை 2020 முதல் சட்டப்படி கட்டாயம். பாலத்தில் நெரிசல் பிடித்து அது வீறிட்டு அழுதாலும் தூக்கி மடியில் வைத்துக்கொள்ளக் கூடாது. வைத்துக்கொள்ளவும் வேண்டாம். அதையும் தாண்டி ஜார்ஜ்டவுனுக்குள் வந்தால் பார்க்கிங் தேடிச் சுற்ற வேண்டும். அதற்குள் குழந்தை தூங்கியிருக்கும். காலை பத்து மணிக்குத் தூங்கிவிட்டால் மதியம் தூங்காது. அன்றைய நாளின் கணக்கே அதோடு போச்சு.

ரயிலில் அது எழுந்து நிற்கலாம், ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொள்ளலாம், எதிர்சீட்டு அக்காவுக்குக் கை காட்டலாம். நடக்க முடியாத பாட்டி தாத்தாவும் கூட வருகிறார்கள் என்றாலோ, இரட்டைக் குழந்தைகள் என்றாலோ காரில் போவதில் நியாயம் உண்டு. மற்றவர்களுக்கு ரயில்தான்.

1. நாள் பார்ப்பது

கெடாவில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது; அதை நிறையப் பேர் பயன்படுத்துவதில்லை. நமக்கு வாராந்தர விடுமுறை வெள்ளியும் சனியும். பினாங்குக்குச் சனியும் ஞாயிறும். ஆக, வெள்ளிக்கிழமை நமக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். கொடிமலையில் (பினாங்கு ஹில்) வரிசை குறைவு, லிட்டில் இந்தியாவில் நடக்க இடம் இருக்கும், கடைக்காரருக்கும் குழந்தையோடு இரண்டு வார்த்தை பேச நேரம் இருக்கும்.

வெள்ளிக்கிழமைக்கே உரிய இரண்டு விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளோடு பெர்ரியில் கூடுவார்கள். எட்டரைக்கு மேல் ஏறினால் நிம்மதி. மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை ஜும்மா நேரம். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் பக்கம் சாலை நிறைந்துவிடும். சோறும் குழம்பும் போடும் நாசி கண்டார் கடைகள் பலவும் அந்த நேரத்தில் மூடியிருக்கும். சாப்பாட்டை அதற்கு முன்னால் முடித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கும் அதுதான் சரியான நேரம்.

உங்களுக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு என்றால் பரவாயில்லை, ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்புங்கள். பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, தைப்பூச வாரம் ஆகியவற்றைத் தவிருங்கள். தைப்பூசத்தின்போது வெள்ளி ரதமும் தண்ணீர்ப் பந்தல்களும் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அது வேறு பயணம், அதற்குத் தனியாக எழுத வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் மழை அதிகம். மற்ற மாதங்களிலும் மாலை மழைக்கு ஒரு குடை இருக்கட்டும்.

2. திரும்பி வரும் ரயிலை முதலில் குறியுங்கள்

எல்லோரும் போகிற ரயிலைத்தான் பார்ப்பார்கள். குழந்தையோடு போகிறவர்கள் திரும்புகிற ரயிலிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும். வடக்குப் பாதை கொமுட்டர் (உள்ளூர் ரயில்) கோலாலம்பூரில் ஓடுவதுபோல அடிக்கடி வராது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் பிளாட்பாரத்தில் உட்கார வேண்டியிருக்கும். சோர்ந்துபோன குழந்தையோடு அப்படிக் காத்திருப்பதைவிடக் கொடுமை இல்லை. கேடிஎம் (மலேசிய ரயில்வே) செயலியில் அன்றைய அட்டவணையைப் பார்த்து, மாலையில் ஏறப்போகும் ரயில் ஒன்று, அது போனால் அடுத்தது ஒன்று என இரண்டையும் போனில் குறித்துவையுங்கள். கடைசி ரயிலை மட்டும் நம்பாதீர்கள்.

சுங்கைப்பட்டாணியிலிருந்து பட்டர்வொர்த்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். நடுவில் தாசேக் குளுகோர், புக்கிட் மெர்தாஜாம், புக்கிட் தெங்ஙா. இரண்டு வயதுப் பிள்ளையின் பொறுமையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கூலிமில் ரயில் கிடையாது. புக்கிட் மெர்தாஜாம் ஸ்டேஷன் வரை காரில் வந்து ஏறலாம், அல்லது நேராகப் பட்டர்வொர்த் பஸ் நிலையமான பினாங்கு சென்ட்ரலில் காசு கொடுத்துக் காரை நிறுத்திவிட்டுப் பெர்ரியை மட்டும் பிடிக்கலாம்.

கோலாலம்பூரிலிருந்து இதே மாதிரி வர முடியுமா என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். ஈடிஎஸ் என்ற விரைவு மின்ரயிலில் பட்டர்வொர்த்துக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம். பெரியவர்கள் தாங்குவார்கள். குழந்தையோடு என்றால் ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள்.

3. பையில் என்ன

முதலில், ஸ்ட்ரோலரா, கேரியரா? ஜார்ஜ்டவுனில் இரண்டும் வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் மாரில் கட்டிக்கொள்ளும் கேரியர்தான். பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடும் அஞ்சடி கேட்பதற்கு நிழலான நடைபாதை. போய்ப் பார்த்தால் ஒரு வீட்டுக்கு ஒரு மட்டம், அடுத்த வீட்டுக்கு ஒரு படி உயரம், அதற்கடுத்ததில் மோட்டார் சைக்கிள் நிற்கும். ஸ்ட்ரோலரை அங்கே தள்ள முடியாது, தூக்கத்தான் முடியும். ஆனால் மதியத் தூக்கத்துக்கு ஸ்ட்ரோலர் போல ஒன்று கிடையாது. அதனால் ஒரு கையால் மடக்கக்கூடிய மெல்லிய ஸ்ட்ரோலர், கூடவே ஒரு துணிக் கேரியர்.

பேம்பர்ஸ் ஆறு, ஈரத்துணிப் பாக்கெட் ஒன்று, மாற்றுடை இரண்டு செட். அம்மாவுக்கும் ஒரு மாற்றுச் சட்டை. வாந்தி எடுக்கிற பிள்ளை தன் மேல் மட்டுமா எடுக்கும்? பிளாஸ்டிக் பைகளை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். பினாங்கில் 2011 முதல் கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை கிடையாது; அழுக்குப் பேம்பர்ஸைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் அது உறைக்கும். தண்ணீர்ப் போத்தல், தொப்பி, கொசுவிரட்டி, காய்ச்சல் மருந்து. பிஸ்கட் நிறைய. புதிதாக ஒரு சின்ன விளையாட்டுச் சாமானை வாங்கி, காட்டாமல் ஒளித்துவைத்து, திரும்பும் ரயிலில் எடுத்துக் கொடுங்கள்.

உங்கள் போன் நம்பரை ஒரு துண்டு டேப்பில் எழுதி, குழந்தையின் சட்டைக்கு உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். உங்கள் ஐசியோடு (அடையாள அட்டை) குழந்தையின் அடையாள அட்டையான மைகிட்டும் வேண்டும். கொடிமலை டிக்கெட்டில் மலேசியர்களுக்கு விலை குறைவு. கட்டணம் கட்டும் டச் என் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள்.

4. பட்டர்வொர்த்தும் பெர்ரியும்

ரயிலை விட்டு இறங்கியதும் அவசரப்படாதீர்கள். ஸ்டேஷனும், 2018இல் திறந்த பினாங்கு சென்ட்ரலும், பெர்ரித் துறையும் நடைபாலத்தால் இணைந்திருக்கின்றன. கூரை உண்டு, லிப்ட் உண்டு. வழியில் கழிவறை வரும். பேம்பர்ஸ் மாற்ற அதுதான் இடம். படகில் ஏறிய பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், பத்துப் பதினைந்து நிமிடத்தில் அக்கரை வந்துவிடும்.

பழைய பெர்ரி பெரியவர்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். கீழே கார், மேலே மரப்பெஞ்சு, முகத்தில் அடிக்கும் உப்புக்காற்று. 1894இல் தொடங்கிய அந்தச் சேவையின் பழைய இரட்டைத்தட்டுப் படகுகள் 2020 டிசம்பர் கடைசியோடு ஓய்வு பெற்றன. 2023 ஆகஸ்டிலிருந்து நான்கு புதுப் படகுகள் ஓடுகின்றன. தெலோக் பஹாங், தெலோக் டுயோங், தெலோக் கம்பி, தெலோக் கும்பார் என்று தீவின் விரிகுடாக்களின் பெயர்கள். ஒவ்வொன்றும் 250 பேரையும் 50 மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும், கார் ஏறாது. பழையது போல இல்லை என்று தாத்தா முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், அவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. பேரப்பிள்ளைக்கு ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இல்லாததால் அது வாயைப் பிளந்துகொண்டு பார்க்கும்.

குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனியுங்கள். நாம் கொம்தார் கோபுரத்தையும் பாலத்தையும் காட்டி 'அதோ பார், அதோ பார்' என்போம். அது பார்ப்பது படகுக்குப் பக்கத்தில் சுழலும் நுரையை. இல்லாவிட்டால், வரிசையாக ஏறும் மோட்டார் சைக்கிள்களை. என்ஜின் சத்தம் கேட்டதும் முதலில் அப்பாவின் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும். நாலாவது வண்டிக்குப் பிடி தளரும். பத்தாவது வண்டி வரும்போது 'இன்னொன்னு' என்று கேட்கும். முதல் ஆளாக ஓடி ஏற வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். ஓரமாக நின்று அந்த ஏற்றத்தைப் பார்க்கவிடுங்கள். காசு கொடுத்துப் பார்க்கிற எந்தக் காட்சிக்கும் இது குறைந்ததில்லை.

படகு நகரும்போது குழந்தை யாராவது ஒருவரின் பிடியில் இருக்க வேண்டும். 'நீங்க பார்த்துக்கிட்டீங்கன்னு நினைச்சேன்' என்ற பேச்சுக்கு இடம் வைக்காமல், ஏறும் முன்பே யார் பிடி என்று பேசிக்கொள்ளுங்கள். போகும்போது அம்மா, வரும்போது அப்பா என்றால் சண்டை இல்லை.

5. காலைச் சாப்பாடு லிட்டில் இந்தியாவில்

அக்கரைத் துறையிலிருந்து லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போகலாம். வெயில் ஏறிவிட்டால் ஜெட்டியிலிருந்து ஊருக்குள் சுற்றும் இலவச பஸ் உண்டு.

மார்க்கெட் ஸ்திரீட், குயின் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் மூன்றும் சேர்ந்த வட்டாரம் அது. வெள்ளிக்கிழமை வீட்டில் சைவம் என்றாலும் கவலை இல்லை, சைவக் கடைக்கு அங்கே பஞ்சம் கிடையாது. குழந்தைக்கு இட்லிதான். ஆவி பறக்க வருவதைப் பிட்டு ஆறவைத்து, சாம்பாரில் தொடாமல், கொஞ்சம் சர்க்கரையோ நெய்யோ கேட்டு வாங்கிக் கொடுங்கள். இடியப்பம் கிடைத்தால் இன்னும் நல்லது. தேங்காய்ப்பூவும் நாட்டுச்சர்க்கரையும் தூவிக் கொடுத்தால் கையாலேயே அளைந்து தின்னும், பாதி மேசைக்குப் போகும். சின்னக் கடைகளில் குழந்தைக்கான உயர நாற்காலியை எதிர்பார்க்காதீர்கள். சுவரோர மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, குழந்தையைச் சுவர்ப்பக்கம் தள்ளி உட்காரவைத்தால் இறங்கி ஓட முடியாது. தே தாரிக் வந்ததும் கிளாஸை மேசையின் மறு ஓரத்துக்கு நகர்த்துங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

சாப்பிட்டு முடித்ததும் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில். 1833இல் எழுந்த கோயில். பினாங்கில் இதைவிடப் பழைய இந்துக் கோயில் இல்லை. காலையில் போய்விடுங்கள், மதியம் நடை சாத்திவிடுவார்கள். ராஜகோபுரத்துச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்கக் குழந்தைக்குக் கழுத்து போதாது, தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கும்போது உதிரிப்பூ ஒன்றைக் கேட்டு அதன் கையில் கொடுங்கள். 'மோந்து பாரு' என்றால் இந்த வயதுப் பிள்ளைகள் மூச்சை உள்ளே இழுக்காது. பூவை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஊதும். பூ பறந்து போய் விழும். எடுத்துவந்து மறுபடியும் ஊதும். பூக்காரர் இன்னொன்று தருவார்.

இன்னும் தெம்பு இருந்தால் அடுத்த தெருவில் குவான் யின் கோயில். அதன் முற்றத்தில் புறாக்கள் கூட்டமாக இறங்கும். புறாவைத் துரத்துவதற்குப் பத்து நிமிடம் கொடுங்கள். ஊதுவத்திப் புகை அடர்த்தியாக இருக்கும், இழுப்பு உள்ள குழந்தை என்றால் தெருவில் நின்றே பார்த்துவிட்டு நகருங்கள்.

இதையெல்லாம் நான் ஓர் இடமாகக் கணக்கில் வைக்கவில்லை. சாப்பாட்டோடு வந்த இலவச இணைப்பு.

6. முதல் இடம்: தோட்டமா, கொடிமலையா?

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டரை வயதுக்குக் கீழே என்றால் தாவரவியல் பூங்கா, அதற்கு மேல் என்றால் கொடிமலை. என் கணக்கு இது. காரணம் வரிசை. வரிசையில் நிற்பது எதற்காக என்று மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லிப் புரியவைக்கலாம்; ஒன்றரை வயதுக்கு முடியாது.

பூங்கா 1884இல் பழைய கல்லுடைப்புக் குழி ஒன்றில் உருவானது. நுழைவு இலவசம். ஜெட்டியிலிருந்து 10ஆம் எண் ரேபிட் பஸ் போகும். நேரத்தை மிச்சப்படுத்தக் கிராப் (செயலியில் அழைக்கும் வாடகைக் கார்) எடுக்கலாம். கிராப் காரில் குழந்தை இருக்கை இருக்குமென்று நம்ப வேண்டாம். மடக்கி எடுத்துப்போகும் சிறிய இருக்கை உங்களிடம் இருந்தால் அதைக் கொண்டுவர இதுதான் காரணம். உள்ளே தார்ச்சாலை, ஸ்ட்ரோலர் நன்றாக ஓடும். நாகலிங்க மரத்தைத் தேடிப் பாருங்கள். கோயிலில் பார்க்கிற அதே நாகலிங்கப்பூ, கிளையில் இல்லாமல் அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகப் பூத்திருக்கும். பக்கத்திலேயே பீரங்கிக் குண்டு அளவில் காய் தொங்கும். காய் கனமானது, தானாக விழும். மரத்தடியில் குழந்தையை விளையாடவிடாதீர்கள். விழுந்துகிடக்கும் பூவை எடுத்துவந்து தள்ளி உட்கார்ந்து காட்டுங்கள்.

அடுத்து குரங்கு. இங்கே நீளவால் குரங்குகள் மனிதர்களைப் பார்த்துப் பழகியவை, பழகியதுதான் ஆபத்து. சரசரக்கும் பை என்றால் அவற்றுக்குச் சாப்பாடு. பால் போத்தலைக் கையில் வைத்திருக்கும் குழந்தை அவற்றின் உயரத்திலேயே நிற்கிறது என்பதை மறக்காதீர்கள். உள்ளே எதையும் தின்னக் கொடுக்காதீர்கள், ஜிப்பை மூடியே வைத்திருங்கள், குரங்கு நெருங்கினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிதானமாக நகருங்கள். பல்லைக் காட்டிச் சிரிக்க வேண்டாம், குரங்குக்கு அது மிரட்டல். மரத்தின் மேலே கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு உட்கார்ந்திருக்கும் கருங்குரங்கு சாது. அண்ணாந்து பார்த்தால் போதும்.

வரும் வழியில்தான் தண்ணிமலை. பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். பத்துக் கிலோ பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உச்சி வெயிலில் அதை ஏறுவது இன்றைய வேலை இல்லை. கீழிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கொடிமலை என்றால் 204ஆம் எண் பஸ், அல்லது கிராப். மலை ரயில் 1923இல் ஓடத் தொடங்கியது. பாட்டி காலத்தில் நடுவழியில் இறங்கி வேறு பெட்டி மாற வேண்டும். 2011இல் வந்த புதுப்பெட்டிகள் நேராக உச்சிக்கே போகின்றன. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தண்டவாளம், ஒரு பெட்டிக்கு 100 பேர் வரை. டிக்கெட்டை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்துவிடுங்கள். கூடுதல் காசு கொடுத்தால் வரிசையைத் தாண்டிப் போகும் டிக்கெட்டும் உண்டு. வெள்ளிக்கிழமை காலையில் அது தண்டம். ஞாயிற்றுக்கிழமை குழந்தையோடு என்றால் யோசிக்காமல் வாங்குங்கள்.

பெட்டியில் ஏறும் முன் ஸ்ட்ரோலரை மடக்குங்கள், குழந்தையைக் கேரியரில் கட்டுங்கள். நடுவில் சுரங்கம் ஒன்று வரும், சட்டென்று இருட்டாகும். 'இப்ப இருட்டு வரப்போகுது, அப்புறம் வெளிச்சம் வரும்' என்று முன்னாலேயே சொல்லிவைத்தால் பயம் பாதி குறையும். உயரம் வேகமாக ஏறுவதால் காது அடைக்கும். அது குழந்தைக்குச் சொல்லத் தெரியாது, காதைப் பிடித்துக்கொண்டு அழத்தான் தெரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் எதையாவது விழுங்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். பால், தண்ணீர், பிஸ்கட், எதுவானாலும் சரி.

மேலே கீழ்நகரத்தைவிட ஐந்து டிகிரி போலக் குளிர்ச்சி. அருளொளி திருமுருகன் ஆலயமும் பக்கத்திலேயே ஒரு பள்ளிவாசலும் இருக்கின்றன. கோயில் முற்றம் குழந்தை ஓட நல்ல இடம். அங்கிருந்து ஜார்ஜ்டவுன், நீங்கள் தாண்டி வந்த கடல், பெர்ரி எல்லாம் தெரியும். 'அதுலதானே வந்தோம்' என்று காட்டுங்கள். நம்பாது. காட்டு மரங்களுக்கு மேலே நடக்கும் தொங்குபாதையும் மலையில் உண்டு. அதை நாலைந்து வயதுக்குத் தள்ளிவையுங்கள்.

7. சாப்பாடும் தூக்கமும்

பதினொன்றரைக்குச் சாப்பாட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். நாசி கண்டார் கடை என்றால் குழந்தைக்கு வெள்ளைச் சோறு, அவித்த முட்டை, வெள்ளரிக்காய், பருப்பு. 'குவா ஜங்ஙான்' (குழம்பு வேண்டாம்) என்று எடுத்துப் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். குழம்பு ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை, அங்கே கை வேகமாக ஓடும். வாழையிலைச் சாப்பாட்டில் தயிர்ச்சோறு கிடைக்கும். தயிர்ச்சோறு தின்கிற பிள்ளையைப் பெற்றவர்கள் உலகத்தில் எந்த மூலைக்கும் போகலாம்.

பிறகு தூக்கம். அன்றைய நாள் நன்றாகப் போகுமா இல்லையா என்பது இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான் முடிவாகும். ஆனால் பயணத் திட்டம் போடும்போது யாரும் இதற்கு ஓர் இடம் யோசிப்பதில்லை. கர்னி பக்கத்துப் பேரங்காடிகள் ஒரு வழி: குளிரூட்டி, சுத்தமான குழந்தை அறை, ஸ்ட்ரோலர் ஓட வழவழப்பான தரை. பேம்பர்ஸ் மாற்றி, பால் கொடுத்து, ஸ்ட்ரோலரைச் சாய்த்து, கண்ணுக்கு மேலே ஒரு மெல்லிய துணியை நிழலாகக் கட்டி, காற்றுப் போக வழிவிட்டு, சத்தமில்லாத மாடியில் மெதுவாகச் சுற்றுங்கள். தூங்கியதும் உட்கார்ந்து நீங்களும் ஒரு காப்பி குடியுங்கள். கடை பார்க்க ஆசை இருந்தால் ஒருவர் போக, ஒருவர் காவல்.

பினாங்கில் அத்தை வீடு இருக்கிறதே, அங்கே தூங்கவைக்கலாமே என்று தோன்றும். எல்லோருக்கும் ஜெலுத்தோங்கிலோ குளுகோரிலோ ஓர் அத்தை இருப்பார். அத்தை வீட்டில் குழந்தை தூங்காது. அத்தை கொஞ்சுவார், அத்தை மகன் பந்து காட்டுவான், முறுக்கு வரும், டீ வரும், 'இருந்து ராத்திரி சாப்பிட்டுட்டுப் போலாம்' வரும். போகக் கூடாது என்று சொல்லவில்லை. போவதாக இருந்தால் இரண்டாவது இடத்தை அப்போதே அடித்துவிடுங்கள், அத்தை வீடுதான் இரண்டாவது இடம்.

தூங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்தால் போராடாதீர்கள். அரை மணி நேரம் இருட்டான மூலையில் மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாலே பாதித் தூக்கம். அப்போதும் சரிப்படவில்லையா, ஒரு ரயில் முன்னதாக வீடு திரும்புங்கள். இரண்டாவது இடம் எங்கேயும் போகாது.

8. மாலையில் திடல்

நாலரை மணிக்கு மேல் பாடாங் கோத்தா லாமா. ஒரு பக்கம் நகர மன்றத்தின் பழைய கட்டடங்கள், ஒரு பக்கம் கார்ன்வாலிஸ் கோட்டை, எதிரே கடல், நடுவில் பெரிய புல்வெளி. காலையிலிருந்து கட்டியும் பிடித்தும் வைத்திருந்த பிள்ளையை அவிழ்த்துவிடுவதற்கான இடம். இங்கே பார்க்க ஒன்றும் வேண்டாம். ஓடட்டும், விழட்டும், செருப்பைக் கழற்றி எறியட்டும். கடற்சுவர்ப் பக்கமும் சாலைப் பக்கமும் மட்டும் பெரியவர் ஒருவர் நிற்க வேண்டும். ஒரு ரப்பர் பந்து கொண்டுபோயிருந்தால் அடுத்த குடும்பத்துப் பிள்ளையும் சேர்ந்துகொள்ளும்.

மழை பிடித்துக்கொண்டால் பேரங்காடியை விட்டு நகராதீர்கள். விளையாட்டுப் பகுதியில் ஒரு மணி நேரம் போதும்.

விட்டுவிடக்கூடியவை

சியூ ஜெட்டி பெர்ரித் துறைக்குப் பக்கம்தான், எல்லோரும் போகச் சொல்வார்கள். பலகைப் பாதை, பல இடங்களில் கைப்பிடி இல்லை, கீழே கடல். ஓடுகிற பிள்ளையைக் கேரியரை விட்டு இறக்கக் கூடாத இடம். ஆர்மேனியன் ஸ்திரீட்டில் சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகும் சுவரோவியம் 2012இல் வரைந்தது. படம் எடுக்க வரிசை நிற்கும், உங்கள் பிள்ளை முதுகைக் காட்டும். பத்து பிரிங்கி கடற்கரை ஒரு நாள் பயணத்துக்குத் தூரம். சாலை நெளிவும் அதிகம், வாந்தி வரும். கடலில் ஜெல்லி மீனும் உண்டு. தெலோக் பஹாங்கின் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை (இப்போதைய பெயர் என்டோபியா) அருமையான இடம், ஆனால் அதற்கு மட்டுமே ஒரு நாள் வேண்டும்.

9. திரும்புவது

குறித்துவைத்த ரயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னதாகத் திடலை விட்டுக் கிளம்புங்கள். மிகையாகத் தோன்றும். குழந்தையின் செருப்பைத் தேட, பேம்பர்ஸ் மாற்ற, பெர்ரிக்குக் காத்திருக்க, நடைபாலத்தில் மறுபடி ரயிலைப் பார்த்து நின்றுவிடுகிற பிள்ளையை நகர்த்த எல்லாம் அதற்குள் சரியாகிவிடும். வேலை நாளில் ஐந்தரை, ஆறு மணிப் படகில் வீடு திரும்புகிறவர்கள் நெருக்கியடித்து ஏறுவார்கள். ஒன்றை விட்டு அடுத்ததில் ஏறுங்கள்.

இரவுச் சாப்பாட்டை வீட்டில் சமைக்கும் எண்ணமே வேண்டாம். கிளம்பும் முன் லிட்டில் இந்தியாவில் இடியப்பமோ சப்பாத்தியோ பொட்டலம் கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். குழந்தைக்குப் பெர்ரியிலேயே கொஞ்சம் ஊட்டிவிட்டால், ரயிலில் தூங்கினாலும் வெறும் வயிறாக இருக்காது. ரயில் ஏறும் முன் பட்டர்வொர்த்தில் முகம், கை, கால் துடைத்து, இரவுடுப்புக்கு மாற்றிவிடுங்கள். வீட்டுக்கு வந்து எழுப்பிக் குளிப்பாட்டும் வேலை மிச்சம். தாசேக் குளுகோர் தாண்டியதும் ஸ்ட்ரோலரையும் பைகளையும் கதவுப் பக்கம் கொண்டுவந்து வையுங்கள். குழந்தையை ஒருவர், சாமான்களை ஒருவர் என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனில் பகலெல்லாம் வெயிலில் நின்ற காருக்குள் இன்னும் புழுக்கமாக இருக்கலாம். கதவையெல்லாம் திறந்துவிட்டுச் சற்று நேரம் கழித்து உட்காரவையுங்கள்.